மறுபிடி

லாரி வாசலில் திரும்பும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ஜின் சத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் மாதிரி அது நிம்மதியாகத்தான் உறுமிக்கொண்டு வந்தது. காட்டிக்கொடுத்தது வாசனை. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் பச்சைக் கூலன்ட் எங்கேயாவது கசிந்து, சூடான இரும்பில் பட்டுக் காய்ந்தால் ஒரு தித்திப்பு வாசனை வரும். அந்த வாசனைக்கு அவர் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்.

"பேரன் வந்துட்டானா?" என்று உதிரிபாக அலமாரிக்குப் பின்னாலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மூக்கு ஒழுகுதான்னு பாருங்க."

ஒழுகியது. லாரி நின்ற இடத்தில், முன்பக்கம் நடுவில், தரையில் ஒரு பச்சைச் சொட்டு விழுந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று விழுந்தது.

அவரை எல்லோரும் கேஸ்கெட்காரர் என்பார்கள். கனரக லாரிகளின் எல்லா வேலையும் தெரியும் என்றாலும், தண்ணீர் ஒழுகும் லாரி என்றால் ஊர் அவர் பட்டறையைத்தான் கைகாட்டும். ரேடியேட்டர் ஹோஸை விரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்து, உள்ளே ரப்பர் நொறுங்கியிருக்கிறதா, எண்ணெய் குடித்து ஊறிப்போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இரண்டு இரும்புக்கு நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் காகித கேஸ்கெட்டை அவர் எடுத்து வைக்கும் பதவிசைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போர்வை போத்தி விட்டிருக்காரா?" என்று மனைவி கேட்பாள்.

லாரியைப் பேரன் என்று கூப்பிட ஆரம்பித்ததும் அவள்தான். அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் பெயர் குட்டி. அந்தக் குட்டி வளர்ந்து, கனரக உரிமம் எடுத்து, பிறருடைய லாரிகளை ஓட்டிச் சேர்த்து, ஒருநாள் பத்துச் சக்கர லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். "பேரன் பேத்தியைக் கொஞ்சுற வயசுல எங்களுக்கு என்னத்தைக் கொண்டாந்திருக்கா பாரு" என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இதைக் கொஞ்சேன். டயபர் மாத்த வேண்டாம், டயர் மாத்தினாப் போதும்" என்றாள் மகள். அம்மாவும் சளைக்காமல் அன்றைக்கே பானெட்டில் தட்டிக்கொடுத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது குட்டி கதவைத் திறந்து படியில் கால் வைக்காமலே குதித்தாள். குதித்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"அப்பா, மூணாவது தடவை."

"பாத்தேன்."

"மலை ஏறுற வழியில சூட்டு மீட்டர் முள்ளு மேல போயிடுச்சு. ஓரங்கட்டி நிறுத்தி, ஆற வெச்சு, தண்ணி ஊத்தி, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தேன். பின்னால வந்தவன்லாம் ஹாரன் அடிச்சே என் காதைப் பஞ்சராக்கிட்டான்."

"முள்ளு எதுவரைக்கும்…"

"சிவப்புக்குப் போறதுக்குள்ள அணைச்சுட்டேன். உங்க பொண்ணுதானே நானு?" அந்தக் கடைசி வார்த்தையில் கோபம் கொஞ்சம் இறங்கியது. உடனே மறுபடி ஏற்றிக்கொண்டாள். "டைல்ஸ் கம்பெனிக்காரர் சொல்லிட்டாரு. செவ்வாய்க்கிழமை லோடும் வழியில நின்னா, அப்புறம் எனக்கு வரிசையில இடமில்லையாம்."

அவர் கைத்துணியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார். துடைக்க விரலில் ஒன்றும் இல்லை.

"அதனால நானும் ஒண்ணு சொல்லிடுறேம்பா. இந்தத் தடவையும் ஒழுகிச்சுன்னா, வண்டியை எதிர்ல விட்டுடுவேன்."

எதிர்ப்பக்கம் என்றால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுப் பட்டறை. கண்ணாடி அறை, வெள்ளையடித்த தரை, சுவர் முழுக்க வரிசையாகத் தொங்கும் கருவிகள். அதன் சொந்தக்காரர் போட்டிருக்கும் நீலச் சட்டையில் எந்த நேரத்திலும் மடிப்புக் கலைந்திருக்காது. அதனால் இந்தப் பக்கத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். இரண்டு பட்டறைக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. தலையசைப்பு உண்டு, அதோடு சரி.

"நான் வீட்டுக்கு வருவேன், சாப்பிடுவேன், உங்ககூட உக்காந்து டிவி பாப்பேன். வண்டி மட்டும் அங்க போகும்" என்று குட்டி சமாதானமாகச் சொன்னாள். அந்தச் சமாதானம்தான் அவருக்கு நெஞ்சில் தைத்தது. எத்தனையோ பேருடைய லாரி அந்தப் பக்கம் போயிருக்கிறது. போனால் போகட்டும் என்று இருந்திருக்கிறார். ஆனால் தன் வாசலிலிருந்து தினம் நிமிர்ந்து பார்த்தால், எதிரே பேரன் யார் கையிலோ வாயைத் திறந்துகொண்டு நிற்பான் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் என்ஜின் முழுக்க ஆறிய பிறகு வேலையை ஆரம்பித்தார். மேல் ஹோஸ் ரேடியேட்டரிலிருந்து கிளம்பி என்ஜின் தலையில் ஒரு சின்ன அலுமினிய மூடியில் போய்ச் சேர்கிறது. இரண்டு பக்கமும் காது வைத்த மூடி. ஒவ்வொரு காதிலும் ஒரு போல்ட். அதற்கு அடியில்தான் கேஸ்கெட். கசிவு அங்கேதான் இருந்தது. ஹோஸின் கழுத்தில், கிளிப் பிடித்திருந்த இடத்திலும் லேசாக ஈரம் இருந்தது.

அடியில் தட்டு வைத்துக் கூலன்ட்டை வடித்தார். பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் ரேடியேட்டரின் கழுத்து வளையும். கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழம் உரிப்பது மாதிரி உரித்தெடுத்தார். உள்பக்கம் பார்த்தவருக்கு ஆச்சரியம். புது ரப்பர், பளபளவென்று இருக்கிறது. ஆனால் கிளிப் இருந்த இடத்தில் மட்டும் கத்தி வைத்தது மாதிரி ஒரு வெட்டு.

"மாப்ளே, இதைப் பாரேன்."

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது மனைவியின் தம்பியை. பட்டறையின் பின்மூலையில் ரேடியேட்டர்களுக்கு ஈயம் வைத்து அடைப்பது அவர் வேலை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

"ரப்பர் மட்டம் அத்தான். இப்பல்லாம் எவன் நல்ல ரப்பர் போடுறான்?"

"கேஸ்கெட்டும் பிதுங்கியிருக்கு."

"கேஸ்கெட்டும் மட்டம்."

"எந்தத் தம்பி என் கடைச் சாமானை மட்டம்ங்கிறது?" என்று அலமாரிப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. தம்பி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தன் மூலைக்குத் திரும்பிவிட்டார்.

கேஸ்கெட்காரர் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் காகிதத்தைச் சுரண்டியால் சுத்தமாக எடுத்தார். ஒரு துணுக்கு என்ஜினுக்குள் விழக்கூடாது என்று முதலில் ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொண்டார். மனைவி அலமாரியிலேயே உயர்ந்த கேஸ்கெட்டையும், உயர்ந்த ஹோஸையும், புதுக் கிளிப்புகளையும் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என் பேரனுக்கு மட்டமான சாமான் போடுவேனா நான்?" என்று பின்மூலைக்குக் கேட்கும்படி சொன்னாள். அவர் போல்ட்டுகளை இந்தக் காதில் கொஞ்சம், அந்தக் காதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினார். ஹோஸின் வாயைக் கூலன்ட்டாலேயே நனைத்துக் கழுத்தில் ஏற்றினார். கிளிப்பை இறுக்கினார். கை சொல்லும் இடத்தில் நிறுத்தினார். பெரிய போல்ட்டுகளுக்குத்தான் அளவு பார்த்து முடுக்கும் டார்க் ரெஞ்ச். இந்தச் சின்ன வேலைக்கு அவர் மணிக்கட்டே போதும் என்பது அவர் கட்சி.

இதோடு வேலை முடியவில்லை. புது ரப்பர் முதல் தடவை சூடாகும்போது இளகும், ஆறும்போது அமுங்கி உட்காரும். கிளிப்புக்கும் ரப்பருக்கும் நடுவில் மயிரிழை விலகும். கேஸ்கெட்டும் அப்படித்தான். அதனால் வண்டி ஒரு நடை ஓடி வந்து, நன்றாக ஆறிய பிறகு, எல்லாவற்றுக்கும் இன்னொரு கால் சுற்று வைக்க வேண்டும். ஒரே தடவை. அந்தப் பட்டறையில் அதற்கு மறுபிடி என்று பெயர். சாமான் வாங்கிப்போகும் ஒவ்வொரு டிரைவரிடமும் மனைவி மறக்காமல் சொல்வாள்: "ஒரு நடை ஓட்டிட்டு மறுபிடிக்கு வாங்க."

எல்லாம் முடிந்ததும் குட்டி கைப்பையைத் திறந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தாள். சிவப்பு நகப்பூச்சு. பானெட்டுக்குள் குனிந்து, போல்ட்டின் தலையிலிருந்து மூடிவரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். கிளிப்பின் திருகுக்கும் ஒரு கோடு.

"ஏம்மா, பேரனுக்கு நகப்பூச்சா?" என்றார் மாமா, பின்மூலையிலிருந்து எட்டிப் பார்த்து. "பேத்தி ஆக்கிட்டியா?"

"மலையில குலுங்கிக் குலுங்கி போல்ட்டு கழலுதோன்னு ஒரு சந்தேகம் மாமா. கழண்டா கோடு நேராயிருக்காது."

"நான் முடுக்கின போல்ட்டு கழலுமா?" என்றார் அப்பா.

"ஒழுகுதே."



சனிக்கிழமை குட்டி பக்கத்து ஊருக்கு ஒரு நடை போய் வந்தாள். கசிவு இல்லை. லாரியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, பானெட்டைத் தூக்கி ஆற விட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் கேஸ்கெட்காரர் விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "பேப்பர் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார். பட்டறைப் பூட்டைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். மறுபிடி கொடுத்தார். கால் சுற்று. ஸ்பேனரைக் கீழே வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. செவ்வாய்க்கிழமை மலை ஏற வேண்டும். அந்த வளைவுகளும், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் ஒன்றுமே இல்லாததும் கண்ணுக்குள் வந்தன. நடுவழியில் பெண் பிள்ளை தனியாகக் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவது மாதிரி ஒரு காட்சி. அவள் தனியாக எத்தனையோ மலை ஏறி இறங்கியவள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? இன்னும் கொஞ்சம் முடுக்கினார். கொஞ்சம்தான். ஊருக்கெல்லாம் அளந்து போடும் கைதான் அது. சொந்தப் பிள்ளை தட்டு என்றதும் இன்னொரு கரண்டி விழுந்துவிட்டது. பிறகு பானெட்டின் நெற்றியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பேப்பர் வாங்க மறந்து வீடு திரும்பினார்.

வழியில் மச்சினர் எதிரே வந்தார். "எங்க மாப்ளே இந்தப் பக்கம்?"

"சும்மா, காலாற" என்றார் மச்சினர். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கேஸ்கெட்காரர் அதைக் கவனிக்கவில்லை. தன் கையில் பேப்பர் இல்லையே என்ற கவலையில் இருந்தார்.

திங்கள்கிழமை காலை தேநீர் வேளையில் குட்டி பானெட்டுக்குள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. கேஸ்கெட்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மூடியின் நடுவயிற்றில், இரண்டு காதுக்கும் இடையில், ஒரு பச்சை மணி திரண்டு நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருண்டு விழுந்தது.

அவர் விழுந்த சொட்டைக் காலால் தேய்த்தார். "சரிம்மா" என்றார். "எதிர்ல விட்டுடு. அவன் நல்லாப் பாப்பான்."

குட்டி அதைக் காதில் வாங்கவே இல்லை. "அப்பா, இந்தக் கோட்டைப் பாருங்க."

போல்ட்டின் தலையில் இருந்த சிவப்புக் கோடும், மூடியில் இருந்த சிவப்புக் கோடும் ஒன்றையொன்று பார்க்காமல் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி வேறு வேறு திசையில் நின்றன. கிளிப்பிலும் அப்படியே.

"கழண்டிருக்கு" என்றார், நம்பமாட்டாமல்.

"எந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாருங்க."

பார்த்தார். முடுக்கும் பக்கம்.

"போல்ட்டு தானாக் கழலும்ப்பா. தானா இறுகுமா?"

அவர் வாயைத் திறந்தார். தலையைச் சொறிந்தார். பிறகு உண்மையைச் சொல்வதே நல்லது என்று பட்டது. "நேத்து மறுபிடி கொடுத்தேன்."

"தெரியும். கொடுப்பீங்கன்னு. அதுக்குக் கால் சுத்து. இது அரைச் சுத்துக்கு மேல இருக்கே?"

"கூடக் கொஞ்சம்… மலை ஏறணுமேன்னு…"

"கொஞ்சம்னா எவ்வளவு? இவ்வளவா?" அவள் விரலை வைத்து அளந்து காட்டினாள்.

"சேச்சே. அதுல பாதிகூட இருக்காது. சத்தியமா."

"மிச்சத்தை யாரு முடுக்கினது? பேயா?"

இந்தச் சமயத்தில் பின்மூலையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தவரின் அடுப்பு அணைந்தது. ஒன்றும் வேலை முடியவில்லை, ஆனாலும் அணைத்துவிட்டார். குட்டி திரும்பிப் பார்த்தாள்.

"மாமா?"

"என்னம்மா?"

"இங்க வாங்க."

மாமா வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "அத்தானுக்கு வயசாகுது இல்ல, மறுபிடி மறந்திருப்பாரோன்னு நெனச்சேன்."

"யாருக்கு வயசாகுது?" என்றார் கேஸ்கெட்காரர்.

"ஒரு கால் சுத்துதான் வெச்சேன். அப்புறம் கை கேக்கல, இன்னொண்ணு. நான் தூக்கி வளர்த்த புள்ளை ஓட்டுற வண்டியாச்சே!"

"போன தடவையும் இதேதானா?"

மாமா பட்டறைக் கூரையைப் பார்த்தார். கூரையில் பதில் எழுதியிருக்கவில்லை. "போன தடவையும்" என்றார்.

"நல்லாயிருக்கு உங்க லட்சணம்!" என்று அலமாரியைத் தாண்டி அம்மா கையை வீசிக்கொண்டு வந்தாள். "ஒருத்தருக்கு மேல ஒருத்தரு முடுக்கினா அது என்னத்துக்கு ஆகும்? புள்ளை வண்டியை இப்படியா வதைக்கிறது ரெண்டு பேருமா? கொஞ்சமாவது அறிவு…"

"அம்மா" என்றாள் குட்டி, மெதுவாக. "கிளிப்புத் திருகுல நகப்பூச்சு உதிர்ந்திருக்கு. உன் கட்டைவிரல் நகத்துல சிவப்பா என்ன ஒட்டியிருக்கு?"

அம்மா கையைப் பின்னால் கொண்டுபோனாள். கொண்டுபோன வேகம் தப்பு. மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள்.

"சாப்பாட்டு டப்பாவை வண்டியில வெக்கப் போனேன்" என்றாள். "கழுவின டப்பா. திங்கக்கெழமைக்கு வேணுமேன்னு. பானெட்டு தொறந்து கெடந்துச்சு. தொட்டுப் பாத்தேன், லேசா இருக்கிற மாதிரித் தோணிச்சு. நான் என்ன கண்டேன்? இவங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை மத்தியானம் கும்பகர்ணன் மாதிரித் தூங்குவாங்களே, புள்ளை வண்டியை யாரு பாப்பாங்கன்னு…" குரல் கொஞ்சம் இறங்கியது. "என்கிட்ட இருக்கிறது சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான்."

"அந்தச் சின்னதை வெச்சுப் போல்ட்டை எப்படிக்கா திருப்பினே?" என்று தம்பி விசாரித்தார்.

"பக்கத்துல ஸ்பேனர் கெடந்துச்சு" என்றாள் அக்கா. "இவரு எடுத்த சாமானை எடுத்த இடத்துல வெச்சிருந்தா இந்தப் பாவம் எனக்கு வந்திருக்குமா?"

கேஸ்கெட்காரர் போய் மூடியைக் கழற்றினார். கழற்றப் பலம் வேண்டியிருந்தது. மூன்று பேருடைய பாசமும் அதில் இருந்தது. கேஸ்கெட்டை உரித்துவிட்டு, மூடியைத் துடைத்து, பெஞ்சில் கிடந்த கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தார். ஒரு காதை விரலால் தொட்டார். அது டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. மறு காதைத் தொட்டார். டக். தொட்டில் மாதிரி ஆடியது.

எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பக்கமும் காதைப் பிடித்துத் திருகித் திருகி, காது இறங்கி, நடுவயிறு எழும்பிவிட்டது. எழும்பிய இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது. முதல் கசிவின்போதே மாற்றிய புது மூடி என்பதால் அவர் அதைச் சந்தேகப்படவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கேஸ்கெட்டை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் மூன்று பேர் வந்து காதைத் திருகினார்கள்.

"இது வீட்டுல புள்ளை சாப்பிட்டுச்சான்னு கேக்காம ஆளாளுக்கு ஊட்டி விட்ட கதை" என்றாள் குட்டி. "அது வாந்தி எடுக்காம என்ன பண்ணும்?" சிரிக்கக் கூடாது என்று அவள் முகத்தை இறுக்கி வைத்திருந்தாள். அந்த முகமும் வெகுநேரம் தாங்கவில்லை. முதலில் மாமா சிரித்தார், அப்புறம் அம்மா. கேஸ்கெட்காரர் மட்டும் கண்ணாடிப் பலகையில் ஆடும் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, மூடியை அதில் எட்டுப் போடுவது மாதிரித் தேய்த்தார். தேய்த்து, பார்த்து, தேய்த்து, ஆடாமல் உட்காரும்வரை விடவில்லை. புதுக் கேஸ்கெட், புது ஹோஸ். இந்தத் தடவை சுவரிலிருந்து டார்க் ரெஞ்சை இறக்கினார். அது 'க்ளிக்' என்றதும் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். குட்டி புதிதாகச் சிவப்புக் கோடு போட்டாள். மத்தியானம் டைல்ஸ் கிடங்குக்குப் போய் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பினாள். சொட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாலை என்ஜின் ஆறிக் குளிர்ந்திருந்தது. மறுபிடி கொடுக்க வேண்டிய நேரம். நான்கு பேரும் பானெட்டைச் சுற்றி நின்றார்கள்.

"யாராவது ஒருத்தர்" என்றாள் குட்டி. "ஒரே கை. டார்க் ரெஞ்ச்சுல, க்ளிக் கேட்டதும் நிறுத்தணும். அப்பா, நீங்களே கொடுங்க. உங்க பட்டறை, உங்க வேலை."

அவள் ரெஞ்சை நீட்டினாள். அவர் வாங்கினார். போல்ட்டில் வைத்தார். 'க்ளிக்' கேட்ட பிறகும் தன் கை என்ன செய்யும் என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்த மலையும், அந்த வளைவும், அந்தக் கேனும் கண்ணுக்குள் வரிசையாக வந்து நின்றன. இப்போது மூன்று பேர் பார்க்கிறார்கள், நிறுத்திவிடுவார். அடுத்த தடவை? பேப்பர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைகளில்?

ரெஞ்சை எடுத்துவிட்டார்.

"என்னாலே முடியாது. மாப்ளே, உன்னாலே?"

மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"என்னைக் கேக்காதீங்க" என்றாள் அம்மா. "எனக்கு இப்பவே கை துடிக்குது."

"அப்ப நானே கொடுத்துக்கிறேன்" என்றாள் குட்டி. கொஞ்சம் தயங்கினாள். காதோரம் சிவந்தது. "அது… நானும் வேணாம். அப்பா முடுக்கி முடிச்சதும் நானும் ஒவ்வொரு தடவையும் லேசா ஒரு முறுக்கு முறுக்கித்தான் வெச்சேன்."

"அடிப்பாவி!" என்றாள் அம்மா.

கேஸ்கெட்காரர் ரெஞ்சைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிர்ப் பட்டறையில் இஸ்திரி அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பட்டறை வந்ததிலிருந்து இவர் அதன் வாசலில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. இஸ்திரி சாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"வாங்க சார்."

"ஒரு விஷயம் கேக்கணும். எம் பொண்ணு லாரியைப் பாத்திருக்கீங்களா?"

"தெனம் பாக்குறேனே."

"அது மேல உங்களுக்குப் பாசம் ஏதாவது இருக்கா?"

இஸ்திரி யோசித்தார். எதற்கும் யோசித்துப் பதில் சொல்கிற ஆள் அவர். "லாரி மேல… அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"நல்லதாப் போச்சு. கொஞ்சம் வாங்க."

இஸ்திரி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. மூடி மட்டமாக உட்கார்ந்திருந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா எடுத்திருக்கீங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தை கேஸ்கெட்காரருக்கு உள்ளே எங்கேயோ போய் இனித்தது. பிறகு இஸ்திரி ரெஞ்சை வைத்தார். க்ளிக். அடுத்த போல்ட். க்ளிக். கிளிப்புகளுக்குத் திருகு. கையை எடுத்தார். நிமிர்ந்தார். அவ்வளவுதான். இவர்கள் நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த வேலையை, அவர் விளக்கு சுவிட்சைப் போடுவது மாதிரி முடித்துவிட்டார். ஒரு தேநீர் குடித்துவிட்டுச் சாலையைக் கடந்து போனார். சட்டை மடிப்புக் கலையவில்லை.

"பாத்தியா, எப்படி ஈவு இரக்கமே இல்லாம எடுக்குறாரு கையை" என்றாள் அம்மா, வியப்போடு.

குட்டி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகக் குனிந்து, "அப்பா, அடுத்த வாரம் கீழ் ஹோஸைப் பாக்கணும். அமுக்கினா மொறுமொறுங்குது. இங்கதான் கொண்டாருவேன். ஞாயித்துக்கெழமை பேப்பர் மட்டும் யாரும் வாங்கப் போகாதீங்க" என்றாள்.

மத்தியானம் மலை உச்சியிலிருந்து போன் வந்தது. அவர் எடுப்பதற்குள் மனைவி எடுத்துவிட்டாள். "மூக்கு?" என்றுதான் முதல் கேள்வி. கேட்டுவிட்டு அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். கேஸ்கெட்காரர் ஹோஸ் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். எதிர்ப்பக்கம் கண்ணாடி அறையில் நீலச் சட்டை தெரிந்தது. கையைத் தூக்கி, 'ஒன்றும் இல்லை, காய்ந்து கிடக்கிறது' என்று சைகை காட்டினார். இஸ்திரி புரிந்துகொண்டு தலையசைத்தார். வழக்கமான தலையசைப்பை விட அது கொஞ்சம் நீளம்.

அதன் பிறகு பேரனுக்கு ஹோஸ் மாற்றினாலும் கேஸ்கெட் மாற்றினாலும் மற்ற எல்லா வேலையும் இந்தப் பக்கம், மறுபிடி மட்டும் அந்தப் பக்கத்துக் கை என்று ஆகிவிட்டது. லாரி வழியில் நிற்கவில்லை. டைல்ஸ் கம்பெனி வரிசையில் குட்டியின் இடமும் போகவில்லை. வேறு சில டிரைவர்கள், "எங்க வண்டிக்கும் அவரையே கூப்பிடுங்களேன்" என்று கேட்டபோது, "உங்க வண்டிக்கு நானே போதும், அவ்வளவு பாசமெல்லாம் இல்லை" என்று கேஸ்கெட்காரர் சொல்லிவிட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது மேல் ஹோஸையும் கேஸ்கெட்டையும் மறுபடி மாற்ற வேண்டி வந்தது. மறுபிடி அன்றைக்கு அவர் போய்க் கூப்பிடுவதற்கு முன்னாலேயே இஸ்திரி சாலையைக் கடந்து வந்து நின்றார். கையில் சொந்த டார்க் ரெஞ்ச். இன்னொரு கையில் ஒரு சுத்தமான துணி. முதலில் அந்தத் துணியால் பானெட்டின் நெற்றியில் இருந்த தூசியைத் துடைத்தார். யாரும் சொல்லாமலே துடைத்தார்.

குட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

க்ளிக். க்ளிக். கிளிப்புகள். வேலை முடிந்தது. ஆனால் இஸ்திரி ரெஞ்சை இறக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி அப்படியே நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மலையில நேத்து நல்ல மழைன்னு சொன்னாங்க. பாதை வழுக்கும். எதுக்கும் இருக்கட்டுமேன்னு… இன்னொரு கால் சுத்து வெச்சுடட்டுமா?"

"வேண்டாம்!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இஸ்திரி திடுக்கிட்டு ரெஞ்சைப் பின்னால் கொண்டுபோனார். கொண்டுபோன வேகத்தில் நீலச் சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்தது.

"போச்சு" என்றாள் அம்மா, தேநீர் டம்ளரை அவர் கையில் கொடுத்துக்கொண்டே. "இவரும் தாத்தா ஆயிட்டாரு. வேற ஆளைத் தேடுங்க."